செக்கு போடுவதற்கு முன்னால்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு அரவிந்தில் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் தலைப்பெல்லாம் படிக்கிறார். உன்னை விசாரித்தார்.

நீ திருமங்கலத்துக்கே வந்து மரச்செக்கு போடப்போகிறாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால், "விசாரித்துவிட்டேன், எல்லாரும் வாங்குவோம் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் கவலையாக இருக்கிறது. நீ கேட்டதெல்லாம் நம் சொந்தக்காரர்களிடம். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அறிமுகமில்லாதவர்களிடம் கேள். அதுவும் வாங்குவீர்களா என்று கேட்காதே. போன மாதம் என்ன எண்ணெய், எத்தனை லிட்டர், எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேள். ரேஷனில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வடை, அப்பளம் பொரிக்க அதுவே போதும் என்கிற வீட்டில் செக்கு எண்ணெய் மாதத்துக்கு எவ்வளவு செலவாகும்? இது தெரியாமல் இயந்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

அப்புறம் புண்ணாக்கு. உன் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய 2.5 கிலோ நிலக்கடலைப் பருப்பு போகும், அதில் பாதிக்கு மேல் புண்ணாக்காகத்தான் வெளியே வரும். பருப்பு விலைக்கும் எண்ணெய் விலைக்கும் நடுவே மிஞ்சுவது கொஞ்சம்தான். பல செக்குக்காரர்களுக்குக் கையில் நிற்பது புண்ணாக்குக் காசு. அதனால் எண்ணெய் வாங்குகிறவர்களை விசாரிக்கிற அளவுக்குப் பால்மாடு வைத்திருப்பவர்களையும் விசாரி. கப்பலூர், கள்ளிக்குடி பக்கம் போய், இப்போது எங்கே வாங்குகிறார்கள், கடனுக்கா ரொக்கத்துக்கா என்று கேட்டுப் பார். கடன் என்றால் உன் முதல் அங்கேயே முடங்கிவிடும்.

கூலிக்கு ஆட்டிக் கொடுப்பதையும் யோசி. சொந்தக் காட்டுக் கடலையையும் எள்ளையும் கொண்டுவந்து ஆட்டிக்கொண்டு போகிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. அதில் சரக்குக்கு நீ பணம் போட வேண்டியதில்லை. அறுவடை முடிந்தால் கூட்டம் வரும், மற்ற மாதங்களில் குறையும். நல்லெண்ணெய்க்குத் தீபாவளியும் ஊறுகாய் போடுகிற கோடையும் நல்ல காலம். ஒரு மாதத்தை மட்டும் பார்த்து வருஷக் கணக்குப் போடாதே.

என் யோசனை இதுதான். இப்போதைக்குச் செக்கு வாங்காதே. ஏற்கெனவே ஓடுகிற செக்கில் நீயும் கூலி கொடுத்து ஆட்டி, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து, லேபிள் ஒட்டி விற்றுப் பார். முதல் பாட்டில் வாங்கியவர் இரண்டாவதுக்குத் தானாக வருகிறாரா என்று கவனி. வந்தால் தைரியமாக இறங்கு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், அதற்கென்று யாரிடமும் பணம் கொடுக்காதே. மானியக் கடன் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்போம், நானும் வருகிறேன்.

தொழில் மையத்துக்குப் போகிற நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடு. உசிலம்பட்டிப் பக்கம் கடலை விலை கேட்டுவிட்டு, மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் எண்ணெய் விலையையும் பார்த்துவிடலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் மச்சான்