சாமந்தியை மட்டும் ஏன் விட்டாய், பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாவரவியல் பூங்கா மலர்க் கண்காட்சியில் நீ எடுத்து அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். டேலியா அருமை. அந்தூரியத்தில் வெளிச்சம் விழுந்திருக்கிற விதம் ரொம்பவே அருமை. ஆனால் அத்தனை படத்தில் ஒரு சாமந்தி கூட இல்லை. கேட்டால், "அது சாமி படத்துக்குப் போடுற பூதானே சித்தி, அதுல எடுக்க என்ன இருக்கு?" என்கிறாய். போனில் சொன்னால் நீளும் என்பதால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், இதே கேள்வியை என்னிடம் வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள்.

நம் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் ஒரு கைப்பிடி மஞ்சள் சாமந்தி வாங்கி, ஒரே ஒரு இதழை அடியோடு உருவிப் பார். அதன் அடியில் இரண்டாகப் பிளந்த சின்ன சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கும் பெண் உறுப்பின் நுனி, தெரியும். அதாவது நீ இதழ் என்று நினைத்தது ஒரு முழுப் பூ. நடுவில் இருக்கும் தட்டைப் பிரித்தால் அங்கே ஐந்து முனை கொண்ட குட்டிக் குழல்கள், அவையும் பூக்கள். சூரியகாந்தி, செண்டுமல்லி எல்லாம் இதே குடும்பம்தான், இதே அமைப்புதான். சாமந்தியில் மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முதலில் சீனர்களும் பிறகு ஜப்பானியர்களும் இந்த ஓரத்துப் பூக்களை நீட்டி, சுருட்டி, வளைத்து, குழலாக்கி எத்தனையோ உருவங்களைக் கொண்டு வந்துவிட்டார்கள். ஜப்பான் அரச குடும்பத்தின் முத்திரையே 16 இதழ்ச் சாமந்திதான். ஒற்றைத் தண்டிலிருந்து நூற்றுக்கணக்கான பூக்களை ஒரே நேரத்தில், ஒரே அளவில் கூடாரம் கட்டின ஒழுங்கோடு மலரவைக்கும் கலை அங்கே இருக்கிறது. சாமந்தியை ஒரே பூ என்று நினைப்பதால்தான் உனக்கு அலுப்புத் தட்டுகிறது.

அமெரிக்காவின் தேசிய சாமந்திச் சங்கம் பூவின் உருவத்தை வைத்து 13 வகுப்புகளாகப் பிரிக்கிறது. நீ அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் இது எந்த உருவம் என்று ஒரு நிமிடம் பார்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும் என்பதை அந்த உருவம்தான் சொல்லும். இதழ்கள் உள்ளே வளைந்து உருண்டு நிற்கும் வகையில் நம் கண்ணுக்குத் தெரிவது இதழின் முதுகுதான். எதிரே நின்று எடுத்தால் தட்டையாகிவிடும், ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சம் கொடுத்தால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நிழல் விழுந்து உருண்டை எழுந்து நிற்கும். சிலவற்றில் இதழின் உள்பக்கம் கருஞ்சிவப்பாகவும் முதுகு வெளிர் பொன்னாகவும் இருக்கும், அடியில் நாலைந்து இதழ் தளர்ந்து திரும்பிய இடத்தில் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும், அந்த இடத்தில் ஃபோகஸ் வை. வெளியே கவிழ்ந்து தொங்கும் வகை இதற்கு நேர் எதிர். அதைச் சற்று மேலிருந்து சாய்வாக எடு. சிலந்தி வகைக்கு நீண்ட குழல் இதழ்கள், நுனியில் கொக்கிகள். அதற்குப் பின்னால் கறுப்புத் துணி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம், லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/11. அதுவும் போதாவிட்டால் ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் சேர்த்துக்கொள். கரண்டி வகையில் குழலின் நுனி மட்டும் விரிந்திருக்கும், அதை நேருக்கு நேர்தான் எடுக்கவேண்டும். அனிமோன் வகை எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. நடுத்தட்டுப் பூக்களே வளர்ந்து மெத்தையாக எழும்பி நிற்கும், தாழ்ந்த காலை வெயில் அதன்மேல் படும்போது ஒவ்வொரு குழலையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

இவை எல்லாம் தொட்டிப் பூக்கள். நம் சரத்துக்கும் மாலைக்கும் வருகிற உதிரிப்பூ மட்டும் இளப்பமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் பக்கத்து வயல்களில் விளைகிற பூ அது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் கோ 1 மஞ்சள், கோ 2 ஊதா. மார்க்கெட்டில் கூடையைக் கவிழ்க்கும்போது போய்ப் பார், பாதிப் பூக்கள் குப்புற விழுந்து பூவை அடியில் தாங்கும் பச்சைக் கிண்ணமும் காம்பு கிள்ளிய இடமும் மேலே தெரியும். தொட்டிச் செடியில் அந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுக்காதே, வெள்ளைச் சாமந்தி முழுக்க நீலமாகிவிடும். கூரைக்கு வெளியே, திறந்த வானத்தின் நிழலில் எடு. அப்புறம், முதலில் பூ வாங்கு, பிறகு பூக்கார அக்காவிடம் கேள், பிறகு எடு. அவர்களுக்கு அது வியாபார நேரம்.

மஞ்சள்தான் கஷ்டம், கவனமாகக் கேட்டுக்கொள். கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகத்தான் நிறத்தைப் பதிகிறது, மஞ்சள் இதழில் சிவப்புச் சேனல் மற்றவற்றுக்கு முன்னால் நிறைந்துவிடும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் சரி என்றுதான் தோன்றும், ஆனால் இதழின் வரிகள் போய் பெயின்ட் அப்பியது மாதிரி ஆகியிருக்கும். மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, சிவப்பு வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறை. கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா (RAW) ஃபைலாக எடு. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதே, மஞ்சள் நிறைந்த ஃபிரேமில் அது தடுமாறும். செல்போன் என்றால் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்து, கிட்டே போகாமல் இரண்டு மடங்கு ஜூமில் எடு. உச்சி வெயில் வேண்டவே வேண்டாம்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. மஞ்சளுக்குக் காரணம் கரோட்டினாய்டு என்ற நிறமி, ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி, இரண்டும் ஒரே இதழில் சேர்ந்தால் வெண்கல நிறம். வெள்ளைச் சாமந்தியும் மஞ்சள் நிறமியை உண்டாக்கத்தான் செய்கிறது, ஆனால் இதழில் இருக்கும் ஒரு நொதி அதை உடைத்துவிடுகிறது. இயற்கையில் நீலச் சாமந்தி கிடையாது. 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணு மாற்றத்தால் ஒன்றை உருவாக்கினார்கள், அதற்கு வேண்டிய இரண்டு மரபணுக்களில் ஒன்று எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் வேலியில் படர்கிற சங்குப்பூவிலிருந்து! இதைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இந்த ஊருக்கு வந்துவிட்டுச் சாமந்தியை ஒதுக்குவது எனக்குத் தாங்கவில்லை. 1789இல் பிளாங்கார் என்ற மார்செய் வணிகர் சீனாவிலிருந்து மூன்று வகைச் சாமந்திகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார், பிழைத்தது ஊதா ஒன்றுதான். இன்று பிரான்சில் நவம்பர் தொடக்கத்தில் கல்லறைகள் எல்லாம் சாமந்தித் தொட்டிகளாக இருக்கும். அங்கே அதை யாருக்கும் பரிசாகக் கொடுப்பதில்லை. நம் புதுச்சேரியில் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று கல்லறையிலும் அதே பூ, தெருக்கோடி அம்மன் கழுத்திலும் அதே பூ. அரவிந்தர் ஆசிரமத்து அன்னை பூக்களுக்குப் பொருள் சொன்னபோது சாமந்திக்குச் சொன்னது உயிர்ச்சக்தி. ஆசிரமத்தில் அரவிந்தர், அன்னை சமாதியில் அடுக்கியிருக்கும் பூக்களைக் கேமரா இல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வா. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கலாம் என்று நான் அங்கே கற்றுக்கொண்டது நிறைய.

எப்போது வருவாய்? சாமந்திக்கு இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும், அதனால்தான் பனிக்காலத்தில் தானாகக் கொட்டுகிறது. பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமானால் இரவில் விளக்குப் போடுகிறார்கள். கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர்ப் பக்கம் ராத்திரியில் வயல் முழுக்க பல்பு எரியும், அதையும் ஒருநாள் நாம் சேர்ந்து போய் எடுக்கவேண்டும். இப்போதைக்கு மார்கழி லீவில் வா. மேக்ரோ லென்ஸை மறக்காதே, ட்ரைபாடும் வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளைத் தெர்மாகோல் அட்டையும் என்னிடம் இருக்கிறது. கடல் காற்று கிளம்புவதற்குள் மாடித் தொட்டிகளை முடித்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போகலாம்.

அன்புடன்,
சித்தி