இசைச் சங்கத்தின் ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. இசைத்தட்டு அலமாரி பழுது பார்க்கப்பட்டது. பொங்கல் சந்திப்பு நல்லபடியாக நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி இந்த ஆண்டின் முக்கியப் பணி. பெரிய ராக் குழுக்களின் நிகழ்ச்சிகளையே திரும்பத் திரும்பப் போடாமல், அவர்கள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்களோ அவர்களுடைய பழைய மேடைப் பதிவுகளைத் திரையிடலாம் என்று முன்மொழிந்தேன். "பெயரே தெரியாதவர்களுக்கு யார் வருவார்கள்?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். பெயர் தெரியவில்லை என்பதுதானே போட வேண்டியதற்குக் காரணம்?

முதலில் அமெரிக்கப் பாடகியும் கிதார் கலைஞருமான சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1964 மே மாதம், மான்செஸ்டரில் மூடிக்கிடந்த ஒரு ரயில் நிலையத்தில் கிரனடா தொலைக்காட்சி எடுத்த நிகழ்ச்சி. ரசிகர்கள் ஒரு பிளாட்பாரத்தில், மேடை எதிர்ப் பிளாட்பாரத்தில். அன்று மழை. அவரும் மழையைப் பற்றிய காஸ்பல் (கிறிஸ்தவ பக்தி) பாட்டையே எடுத்துக்கொண்டு, 49 வயதில் மின்கிதாரில் சோலோ வாசிக்கிறார். பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்டைச் சிறுவயதிலேயே மேடையேற்றியவர் இவர். 1973இல் இறந்தவருக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2018இல்தான். இந்தத் திரையிடலுக்குக் கூட்டம் பரவாயில்லை.

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் 1971இல் ஆங்கிலேயப் பாடகர் டெரி ரீட் பாடிய பதிவும் திரையிடப்பட்டது.

அப்புறம் ப்ளூஸ்-ராக் கிதார் கலைஞர் ரோரி கல்லகர். அயர்லாந்தின் கார்க் நகரில் வளர்ந்தவர். 1963இல் அங்கேயே 100 பவுண்டுக்குப் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிதார் ஒன்றை வாங்கி, அதையே கடைசிவரை வாசித்தார். அதன் பெயின்ட் உரிந்து மரம் தெரியும். வட அயர்லாந்தில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த எழுபதுகளில் பெல்ஃபாஸ்ட்டுக்குப் போகப் பல குழுக்கள் தயங்கின. இவர் போனார், திரும்பத் திரும்பப் போனார். பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் என்று போன அந்தச் சுற்றுப்பயணம்தான் 'ஐரிஷ் டூர் '74' இரட்டை ஆல்பமானது. டோனி பாமர் அதைப் படமாகவும் எடுத்தார். கட்டம் போட்ட சட்டை, வியர்வை, வாசிப்பு. வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. ஒரு சுரத்தை இழுத்துப் பிடிக்கும்போது அரங்கமே அவரோடு மூச்சடக்குவது தெரியும். ஸ்டூடியோ ஆல்பங்களில் கிடைக்காத ரோரி இதில்தான் இருக்கிறார்.

அன்று நம் அரங்கில் பெரும்பாலான நாற்காலிகள் காலி. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நம் சங்கத்தில் குவீன் ராக் குழுவின் ரசிகர்கள் நிறையப் பேர். அந்தக் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே, அந்த ஓசையை எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்று ரோரியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஏசி30 ஆம்பிளிஃபயரும் கிதாரின் மேல் சுரங்களைத் தூக்கிக் காட்டும் டிரெபிள் பூஸ்டர் கருவியும் வாங்கியவர். அவரைக் கொண்டாடுபவர்கள் இவரைக் கேட்க ஒரு மாலை ஒதுக்கியிருக்கலாம். போனில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் சிலர். மேடை இசையைப் பலரோடு உட்கார்ந்து, நல்ல ஒலிபெருக்கியில் கேட்கத்தானே இந்தச் சங்கத்தையே தொடங்கினோம்?

வரவு செலவைப் பொருளாளர் தனியே தருவார். கையிருப்பு இந்த ஆண்டின் அரங்க வாடகைக்கு ஏறக்குறைய சரியாக இருக்கிறது. ஒலிபெருக்கி வாடகை, மின்கட்டணம் போன்றவற்றை நண்பர்கள் சிலர் தாங்களே ஏற்றார்கள். சந்தா நிலுவை கணிசமானது; இரண்டாம் ஆண்டாகக் கட்டாதவர்களும் உண்டு. பெயர்களை இங்கே வாசிக்கப்போவதில்லை.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், அரங்க உரிமையாளர், தேநீர் தந்து உதவிய குடும்பத்தார் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, 1977இல் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் விடிய விடிய நடந்த ராக்பாலஸ்ட் என்ற தொலைக்காட்சி இசை இரவிலிருந்து ரோரியையும் லிட்டில் ஃபீட் என்ற அமெரிக்க ராக் குழுவையும் திரையிட ஆசை. அந்தக் குழுவின் லோவெல் ஜார்ஜ், கம்பிகள்மேல் குழாயை வழுக்கவிட்டு ஸ்லைடு கிதார் வாசிப்பதை நம் இளைஞர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஆனால் இன்றைய கையிருப்பை வைத்து அரங்கத்துக்கு முன்பணம் கொடுக்க முடியாது. தொடரலாமா வேண்டாமா என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார்.