எந்த அடுப்பு வாங்குவது என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணுக்கு,

கேஸ் அடுப்பு வாங்கலாமா, இண்டக்சன் வாங்கலாமா என்று கேட்டாய். நான் வாயெடுக்கும் முன்னே உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. பொழுதோட கூப்பிடுகிறேன் என்றாய், கூப்பிடவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன். சனிக்கிழமை தம்பி கோயமுத்தூர் வரும்போது கொண்டு வந்து கொடுப்பான். அவசரமில்லாமல் படி.

சின்னதாக இருந்தால் போதும், ஒரு ஆளுக்குத்தானே என்றாய். சரி என்றேன். வேலைக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துவிட்டேன் என்றாய். அதற்கும் சரி என்றேன். திருப்பூரிலிருந்து சரவணம்பட்டிக்கு தினமும் பஸ் ஏறி இறங்குவது லேசுப்பட்ட காரியமா? அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை லீவு நாளில் வந்து போவாருங்க என்று நானாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். பேஸ்மேக்கர் வைத்த மனுஷனிடம் வேறு எதைச் சொல்வது?

இங்கே எல்லாரும் சுகம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று. செவலை மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

தெக்கால வீட்டு அக்கா இண்டக்சன் வைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்க்காமல் உனக்குச் சொல்லக்கூடாது என்று அங்கே போய் அரிசிம்பருப்பு செய்து பார்த்தேன். எண்ணெய் ஊற்றிவிட்டுக் கடுகு டப்பாவைத் திறப்பதற்குள் புகைந்துவிட்டது. நடுவில் விழுந்த கடுகு கருகுகிறது, ஓரத்தில் ஒதுங்கின கடுகு வெடிக்காமல் கிடக்கிறது. அடியில் இருக்கிற சுருள் சின்னது, அது எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத்தான் சூடு. பெரிய தோசைக்கல்லை வைத்தாலும் இதே கதைதான், நடுவில் முறுகலும் ஓரத்தில் வெள்ளையுமாக வரும். அதனால் தாளிக்கும்போது சூட்டைக் குறைத்தே ஆரம்பி, எண்ணெய் காயும்வரை பக்கத்திலேயே நில். குக்கரை மூடிய பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. கேஸைவிடச் சுருக்காக விசில் வந்துவிட்டது, அடுப்படியில் வேர்க்கவும் இல்லை. கொள்ளு, தட்டப்பயிறு வேகவைக்க அது நல்ல அடுப்புதான்.

அது எப்படிச் சூடாகிறது என்று நீதான் எனக்குச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? பெருந்துறையில் படிக்கும்போது. கண்ணாடித் தட்டுக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும், அதிலிருந்து வருகிற காந்தம் மாறிக்கொண்டே இருக்கும், அது இரும்புப் போசியின் அடியிலேயே கரண்டைச் சுழலவிடும், அதனால் அடுப்பு சூடாவதில்லை, போசிதான் சூடாகிறது என்று நோட்டில் படம் போட்டுக் காட்டினாய். நம் பங்காளி வகையில் முதல் இன்ஜினியர் பெண் நீதான். அத்தனை தெரிந்தவள் என்னிடம் எந்த அடுப்பு வாங்குவது என்று கேட்கிறாய். அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு அதே யோசனை.

காந்தம் ஒட்டுகிற போசி மட்டும்தான் அதில் ஆகும் என்பதால் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பழனி முருகன் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அட்டாலியில் இருந்த போசியை எல்லாம் தம்பியை இறக்கச் சொல்லி ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். தோசைக்கல் ஒட்டியது. இரும்பு வடச்சட்டி ஒட்டியது, ஆனால் அதன் அடி குழி, தட்டில் உட்காராது. ஆத்தாவின் பித்தளை, செம்பு, அலுமினியக் குண்டா எதிலும் நிற்கவில்லை. எவர்சில்வரிலும் பாதி ஒட்டுகிறது, பாதி வழுக்கி விழுகிறது. கடைக்காரன் எவர்சில்வர்தானே என்பான், நம்பி வாங்காதே. ஒட்டினதில் உனக்கு ஆகிறதாக மூன்று போசி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். தம்பி கொண்டு வருவான்.

உன் சீர்ப் பாத்திரத்தில் அடி கனமான குக்கர் ஒன்று இருக்கிறது. ஈரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கினது. அது திருப்பூரிலேயே இருக்கட்டும். அதை எடுக்க நீ போக வேண்டாம், யாரையும் அனுப்பவும் வேண்டாம். இண்டக்சனுக்கு ஆகிற மூன்று லிட்டர் குக்கர் நான் வாங்கி அனுப்புகிறேன்.

அடுத்தது பிளக். இதை இரண்டு தடவை படி. இண்டக்சன் 2000 வாட் வரை இழுக்கும். செல்போன் சார்ஜ் போடுகிற சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் சொருகாதே, இளகிவிடும். ஏசிக்கும் கீசருக்கும் இருக்கிற மாதிரி பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும், அதற்கு வருகிற ஒயரும் கனமாக இருக்க வேண்டும். பழைய வீட்டு மாடி ரூம் என்றாயே. பாயிண்ட் இல்லையென்றால் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி எலக்ட்ரீசியனை வைத்துப் போட்டுக்கொள். காசு நான் தருகிறேன். எக்ஸ்டென்சன் பாக்ஸ் வைத்து ஒப்பேற்றாதே.

கரண்ட் பில்லுக்குத் தம்பி கணக்குப் போட்டான். ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.7 யூனிட்டுக்குண்டான சூடு இருக்கிறதாம். 14.2 கிலோ சிலிண்டருக்கு 180. கேஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு சூடு போசிக்கு வெளியே போய்விடும், இண்டக்சனில் வீணாவது சொற்பம். ஆக ஒரு சிலிண்டர் சமையலுக்கு 130, 140 யூனிட் கரண்ட். ஒரு ஆளுக்கு ஒரு சிலிண்டர் மூன்று மாதம் வருமென்றால் இரண்டு மாத பில்லில் 90 யூனிட் சமையலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றான். நீ ஒரு ஆள் என்று சொன்னதால் அப்படிப் போட்டான். இரண்டு ஆள் என்றால் கணக்கு வேறு.

இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று கவர்மெண்ட் இலவசமாகக் கொடுக்கிறது, ஆனால் அது மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்கு. வீட்டுக்காரம்மா உனக்குத் தனியாகச் சின்ன மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களா என்று கேள். கீழ்வீடும் மாடியும் ஒரே மீட்டர் என்றால் 500 யூனிட் தாண்டினதும் ரேட் ஏறிவிடும், அதற்கு உன் அடுப்பைத்தான் காரணம் சொல்வார்கள். அட்வான்ஸ் கொடுக்கிறபோதே இதையெல்லாம் பேசியிருக்க வேண்டும். கூட ஒரு பெரியவங்க இருந்திருந்தால் பேசியிருப்பார்கள். அப்பாவையோ என்னையோ கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டோமா? புது இடத்துக்குப் போய்ப் பால் காய்ச்சினாயா, அதையாவது செய்தாயா? அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார், நல்ல நாள் பார்த்துப் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வரலாம் என்று. அவர் வந்தால் இண்டக்சன் பக்கம் விடாதே. காந்த அடுப்புக்கும் நெஞ்சுக்கும் இரண்டடி தூரம் இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நம் வீட்டில் அதை வாங்காததே அதனால்தான்.

இனி கேஸ். சென்னிமலையில் ஏஜென்சிக்குப் போய் மகளுக்கு ஒரு கனெக்சன் எடுக்க என்ன வேணுமுங்க என்று கேட்டேன். ஆதார், ரூமுக்கு வாடகைப் பத்திரம், பேங்க் புஸ்தகம் என்று சொல்லிக்கொண்டே வந்த பையன், "கல்யாணம் ஆயிருச்சுங்களா? வீட்டுக்காரர் பேர்ல கனெக்சன் இருக்குதுங்களா? ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதானுங்க" என்றான். பின்னால் ஆள் நின்றுகொண்டிருந்தார்கள். ட்யூப் ஒன்று கொடு தம்பி என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம் வீட்டு ட்யூபும் மாற்ற வேண்டியதுதான், அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாற்றச் சொல்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போதுதான் அஞ்சு கிலோ சிலிண்டர் ஞாபகம் வந்தது. சோட்டு என்று பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். அடையாள அட்டை ஒன்று காட்டினால் போதும், அட்ரஸ் வேண்டாம், வீட்டுக்காரர் பேரும் கேட்க மாட்டார்கள். கிலோவுக்குப் பார்த்தால் விலை கூடத்தான். ஆனால் சந்தகைக்கு இட்லி ஊற்றுவதற்கும், கத்தரிக்காய் சுடுவதற்கும், களி கிண்டுவதற்கும் தீ வேண்டும். களியை இண்டக்சனில் கிண்டாதே. நீ போடுகிற போடில் போசி ஆடி அந்தக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

ஆனாலும் அந்த மாடி ரூமில் கேஸ் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஜன்னல் ஒன்றுதான், அதுவும் உயரத்தில் என்றாய். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். ஜன்னல் உயரத்தில் இருந்து என்ன பிரயோஜனம்? நாற்றம் அடித்தால் லைட் சுவிட்சைத் தொடாதே, ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்துவிடு. இது உனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். ஆனால் ஏதாவது நினைப்பில் இருந்தாயானால் அடுப்பு உனக்குக் கண்ணில் தெரியாது. பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறபோது பால் பொங்கித் தீ அணைந்து கேஸ் போய்க்கொண்டிருக்க, நீ பக்கத்திலேயே புஸ்தகத்தோடு உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு வீட்டில் நாலு பேர் இருந்தோம். இண்டக்சனில் டைமர் வைத்தால் தானாக நின்றுவிடும், போசியை எடுத்தாலும் நின்றுவிடும்.

அதனால் இப்போதைக்கு இண்டக்சனே வாங்கு. கண்ணாடி கனமானதாக, பட்டன் வைத்ததாகப் பார். விரலால் தொட்டு இயக்குகிற டச் தட்டு வேண்டாம், ஈரக்கையோடு தொடுவாய். கரண்ட் போனால் என்ன செய்வதென்று யோசிக்காதே, அன்றைக்கு அவலை நனைத்து வெல்லமும் தேங்காயும் போட்டுச் சாப்பிடு. பட்டினி மட்டும் கிடக்காதே. மனசு சரியில்லாதபோது அடுப்படியில் நிற்காதே. அன்றைக்கு எதையாவது வாங்கிச் சாப்பிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ராத்திரி சாப்பிட்டாயா என்று கேட்டால் ம் என்கிறாய். ம் என்றால் என்ன சாப்பிட்டாய் என்று தெரிய வேண்டாமா எனக்கு?

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது விறகடுப்புதான். மழைக்காலத்தில் பருத்திமாறு நனைந்து கிடக்கும், ஊதி ஊதிக் கண் சிவந்து போகும். பத்துப் பேருக்குக் களி கிண்டிவிட்டுக் கடைசியில் உட்காருவேன். கேஸ் வாங்கலாம் என்று அப்பா சொன்னபோது ஆத்தா ஒரு மாசம் அவரோடு பேசவில்லை. நோம்பிக்குப் போனபோது என் அம்மாவிடம், உன் அமுச்சியிடம், சொல்லி அழுதேன். பொறுத்துக்கோ அம்மிணி, எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றார்கள். அந்த வார்த்தையை நான் உனக்கு எழுதமாட்டேன். போனிலும் சொல்லமாட்டேன். சம்மந்தியம்மா போன வாரம் கூப்பிட்டார்கள். உங்க புள்ளைகிட்ட சித்தெ எடுத்துச் சொல்லுங்க என்றார்கள். எதைச் சொல்ல வேணுமுங்க என்று கேட்டேன். அவர்கள் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. என் புள்ளை யோசிக்காமல் எதையும் செய்யமாட்டாளுங்க என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மாடி ரூமிலேயே காலத்தை ஓட்ட முடியாது. கொஞ்ச நாள் கழித்து, ஜன்னலும் அடுப்படியும் ஒழுங்காக இருக்கிற கீழ்வீடாகப் பார்த்தால் முழு கேஸ் கனெக்சனே எடுத்துக்கொள், உன் பேரில். சிலிண்டர் புஸ்தகத்தில் உன் பேர் இருக்கட்டும். அதற்குக் காகிதம் ஏதாவது வேண்டுமென்றால், கல்யாணத்துக்கு அப்புறம் நம் ரேஷன் கார்டில் எடுத்த உன் பேரை மறுபடி சேர்க்க வேண்டுமென்றாலும், சொல். தாலுகா ஆபீசுக்கு நான் போகிறேன். என்ன காரணம் என்று அங்கே கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதையும் என்னிடம் விடு.

தம்பியிடம் போசி மூன்று, கடலெண்ணெய் இரண்டு லிட்டர், வறுத்த கொள்ளு, மஞ்சள்தூள், அரிசிம்பருப்புக்கு அளந்து கலந்த அரிசியும் பருப்பும் கொடுத்துவிடுகிறேன். ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர், இண்டக்சனில் இரண்டு விசில் போதும். அவன் உன்னை ஒன்றும் கேட்கமாட்டான், நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ராத்திரி தங்க வைத்து அனுப்பு.

கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த ரூமில் இருக்கிற பிளக் பாயிண்டை ஒரு போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிடு. பெரியதா சின்னதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா