கல் எப்படி வளையும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற சமயத்தில் 'அடுத்து என்ன படிக்கலாம்' என்று நம் பேப்பரில் வந்த பக்கங்களை ஒரு நாள் விடாமல் படித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், நர்சிங், பி.காம்., மறுபடியும் கம்ப்யூட்டர் சயின்ஸ். பாறையையும் கனிமத்தையும் படிக்கிற ஜியாலஜி என்கிற புவியமைப்பியலுக்கும், உலோகம், பிளாஸ்டிக் மாதிரிப் பொருள்களின் குணத்தைப் படிக்கிற மெட்டீரியல்ஸ் சயின்ஸ் என்கிற பொருளறிவியலுக்கும் ஒரு பத்தி கூட இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி பதிப்பிலேயே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் 22 வருடமாக வேலை செய்கிறேன். என் மகள் சின்ன வயதில் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு வருவாள். பாளத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பாலிஷ் போகப் போகச் சாம்பல் பூத்த கல்லில் இருந்து ஊதாவும் வெள்ளையுமாகக் கோடுகள் வளைந்து வளைந்து எழும்பி வரும், நடுவே மிளகு அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, "கல்லு எப்படிப்பா வளையும்?" என்று ஒரு நாள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கல்லுக்கு வியாபாரத்தில் பாரடைசோ என்று பேர், இன்ன ஊருக்கு லோடு போகும், இந்தப் பக்கம் கீறல் இருந்தால் விலை இறங்கும், இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிளஸ் டூ முடித்ததும் ஒரு வழிகாட்டிக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். மைக்கில் பேசியவரிடம் இவள் எழுந்து ஜியாலஜி பற்றிக் கேட்டாள். "ஏம்மா, கல்லு உடைக்கவா போற?" என்றார். மண்டபமே சிரித்தது. கல் வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைத்தவன் நான், அந்தச் சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. சொந்தக்காரர்களும் விடவில்லை, பொம்பளைப் பிள்ளையைக் காடு மேடெல்லாம் அனுப்பப் போகிறாயா என்றார்கள். சரி, அவள் பிடிவாதமாக இருந்தாள், இப்போது சேலத்தில் பி.எஸ்சி. ஜியாலஜி படிக்கிறாள். போன லீவில் பட்டறைக்கு வந்தவள், அந்தக் கேள்விக்கு அவளே எனக்குப் பதில் சொன்னாள். நாங்கள் கிரானைட் என்று விற்கிறது அவர்கள் புத்தகத்தில் கிரானைட்டே இல்லையாம். பூமிக்குள் ரொம்ப ஆழத்தில் புதைந்து, வெந்து, பாதி உருகிப் பாதி உருகாமல், இளகின நிலையில் அழுத்தத்தில் வளைந்து நின்ற பாறை அது. உருகினது வெள்ளைக் கோடு, உருகாதது கறுப்பு, சிவப்புப் புள்ளி கார்னெட் என்கிற கனிமம். வயது 250 கோடி வருடத்துக்குப் பக்கம். இத்தனை வருடம் அதைத் தேய்த்தவன் நான், அன்றைக்குத்தான் அந்தக் கல்லை நிஜமாகப் பார்த்தேன்.

இந்தப் படிப்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நம் தண்ணீரைப் பார்க்கட்டும். என் அம்மா பிறந்தது பென்னாகரம் பக்கம். அவர் வயதுக்காரர்கள் பல பேருக்குப் பல் மஞ்சள் பாய்ந்து, போகப் போக மூட்டு இறுகிவிட்டது. காரணம் போர்வெல் தண்ணீரில் இருந்த புளோரைடு, அந்தப் புளோரைடு வந்தது பாறையில் இருக்கிற கனிமங்களில் இருந்து. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் ரெண்டு மாவட்டமும் காவிரித் தண்ணீர் குடிக்கிறது. ஆனால் தோட்டத்துக்கு இன்னமும் போர்தானே? உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்த்தவரை நம்பி நான் ரெண்டு போர் போட்டேன், ரெண்டிலும் புழுதிதான் வந்தது, அந்தக் கடனை அடைக்க மூன்று வருடம் ஆனது. எந்த இடத்தில் பாறை உடைந்து தண்ணீர் பிடித்திருக்கும், அதில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல ஒரு படிப்பே இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அரூர், ஊத்தங்கரை பக்கம் மாலிப்டினம் இருக்கிறது. எஃகில் கொஞ்சம் சேர்த்தாலே சூட்டுக்கும் தேய்மானத்துக்கும் தாங்க வைக்கிற உலோகம் அது. அதைத் தரையில் தேடுவது ஜியாலஜி, எஃகில் சேர்த்தால் ஏன் அப்படி ஆகிறது என்று பார்ப்பது மெட்டீரியல்ஸ். நம் மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022இல் அறிவித்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்த இரும்பை எப்படி உருக்கினார்கள் என்று ஆராய நம் ஊர்ப் பிள்ளை ஒன்று போக வேண்டாமா? ஓசூரில் வாட்ச்சும் வண்டியும் செய்கிறோம், எல்லாமே எந்த உலோகம், எந்த பிளாஸ்டிக், எவ்வளவு சூடு என்கிற கணக்குதான். சந்திரயான் 2 லேண்டரைச் சோதிக்க நிலவு மண் மாதிரி தேவைப்பட்டபோது, நிலவுப் பாறையை ஒத்த அனார்த்தசைட் என்கிற பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இருந்துதான் பெங்களூர் இஸ்ரோவுக்குப் போனது. கோள் அறிவியல் என்றால் ஏதோ அமெரிக்காக்காரன் சமாசாரம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

வழியும் இல்லாமல் இல்லை. சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் மெட்டலர்ஜி என்கிற உலோகவியல் பி.இ. இருக்கிறது, நம் கலந்தாய்விலேயே சேரலாம். திருச்சி என்.ஐ.டி.யில் மெட்டலர்ஜியோடு மெட்டீரியல்ஸும் சேர்ந்த படிப்பு. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. கிருஷ்ணகிரியில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான், அங்கே நாலு வருட இளநிலைப் படிப்பில் மெட்டீரியல்ஸை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், வெறும் பி.எஸ்சி. ஜியாலஜியோடு நின்றால் வேலை கஷ்டம், எம்.எஸ்சி. வரை போக வேண்டும். அதற்கு ஜாம் என்கிற தேர்வு, ஐ.ஐ.டி.களில் இடம் கிடைக்கும். அப்புறம் யு.பி.எஸ்.சி. நடத்துகிற புவி அறிவியலாளர் தேர்வு, இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுப்பது அதில்தான். என் மகள் இதையெல்லாம் செல்போனில் தேடித் தேடித்தான் தெரிந்துகொண்டாள். தேடத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பிளஸ் டூ வேதியியலில் முதல் பாடமே உலோகவியல்தான். அதை மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள், இதையே ஒரு படிப்பாகப் படிக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

அதனால் கேட்கிறேன், அடுத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். எந்தக் கல்லூரி, என்ன தேர்வு, எவ்வளவு பீஸ், படித்தவர்கள் இப்போது எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். நிருபரைப் பர்கூருக்கு அனுப்பினால் காலை ஷிப்டில் வரச் சொல்லுங்கள், வெயில் ஏறுவதற்குள் ஈரப் பாளத்தில் அந்தக் கோடுகள் நன்றாகத் தெரியும், நானே நின்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கிரானைட் பட்டறைத் தொழிலாளி,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.