டெபாசிட் கட்டாத தேர்தல்

ஸ்டோமார்க்கெட்,
ஜூலை 2023

அன்புள்ள வாத்தியாரே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்துப் படங்களை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். மொட்டைத் தலையோடு முறைக்கிற முறைப்பு அப்படியே உன் முறைப்புதான், பாவம் குழந்தை.

"உங்கள் ஊரில் பசுமைக் கட்சி ஆட்சியைப் பிடித்துவிட்டதாமே, எப்படி?" என்று கேட்டிருக்கிறாய். சர்வீஸ் முழுக்கத் தேர்தல் டூட்டி பார்த்தவன் நீ. மேலோட்டமாக எழுதினால் திட்டுவாய். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஆட்சி என்றதும் கோட்டை, கொடி கட்டிய கார் என்று கற்பனை செய்துவிடாதே. இது கிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் மிட் சஃபோக் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், ஒரு உள்ளாட்சி மன்றம்தான். ஸ்டோமார்க்கெட், நீடம் மார்க்கெட், ஐ என்று சின்னச் சின்ன டவுன்கள். மிச்சமெல்லாம் கோதுமை, பார்லி வயல்களும் கிராமங்களும். பள்ளிக்கூடம், சாலை, முதியோர் பராமரிப்பு எல்லாம் மேலே இருக்கும் கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. கிராமத்து விளையாட்டுத் திடலும் ஊஞ்சலும் பெரும்பாலும் கீழே இருக்கும் பாரிஷ் கவுன்சிலுக்கு. நடுவில் இவர்களுக்குக் கிடைத்தது குப்பை, வீடு கட்ட அனுமதி, கவுன்சில் வாடகைக்கு விடும் வீடுகள், அப்புறம் வீட்டு வரி வசூல். வசூலிப்பது இவர்கள், அதில் பெரும்பங்கு போவது கவுண்டிக்கு. ரசீதில் பெயர் இருப்பதால் திட்டு மட்டும் இவர்களுக்கு முழுசாக வரும். அந்த வரியையும் 1991ஆம் ஆண்டில் வீடு என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்துத்தான் இன்றுவரை போடுகிறார்கள். நேற்றுக் கட்டின வீட்டுக்கும் அதே கணக்குதான்! இதை மாற்ற எந்தக் கட்சிக்கும் தைரியம் வந்ததில்லை.

தேர்தல் மே 4, வியாழக்கிழமை. மறுநாளே எண்ணிக்கை. மொத்தம் 34 இடங்களில் பசுமைக் கட்சிக்கு 24, கன்சர்வேடிவுக்கு 6, லிபரல் டெமாக்ரட்டுக்கு 4. லேபர் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. 2019இல் பசுமைக் கட்சிக்கு இங்கே 12 இடம் இருந்தது, அப்படியே இரண்டு மடங்கு. இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில் அவர்கள் தனிப் பெரும்பான்மை பெற்றது இதுதான் முதல் தடவை. வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் அவர்களுடைய பழைய கோட்டையான பிரைட்டனில் செம அடி. 54 இடங்களில் 7தான் மிஞ்சியது. லேபர் 38 எடுத்துக்கொண்டது. மாணவர்களும் கலைஞர்களும் நிறைந்த கடற்கரை நகரம் கைவிட்ட கட்சியை, டிராக்டர் ஓடுகிற ஊர் தூக்கி உட்கார வைத்திருக்கிறது.

சஃபோக் விவசாயிகள் எல்லோரும் திடீரென்று பருவநிலைப் போராளிகள் ஆகிவிட்டார்களா என்று கேட்பாய். இல்லை. எங்கள் வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, தூறலில் நனைந்துகொண்டு ஒருவர் வந்தார். பூமி சூடாவதைப் பற்றி மூச்சே விடவில்லை. பக்கத்து வயலில் புது வீடுகள் வந்தால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், டாக்டரைப் பார்க்க இன்னும் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும், இதைத்தான் பேசினார். தெருமுனையில் இருக்கும் சாலைப் பள்ளத்தைக் காட்டினேன். "அது எங்கள் கையில் இல்லை, கவுண்டியின் வேலை. எழுதிப் போடுகிறேன்" என்றவர், குனிந்து தன் பேனாவைப் பள்ளத்துக்குள் நிறுத்தி, ஆழம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தார். கடிதத்தின் நகல் எனக்கும் வந்தது. பேனா பள்ளத்துக்குள் போனபோதே என் ஓட்டு விழுந்துவிட்டது என்று என் மனைவி இன்னமும் கிண்டல் செய்கிறாள்.

இப்படி வருஷக்கணக்கில் வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஒரு வார்டில் ஒருவர் ஜெயித்து நல்ல பெயர் எடுத்தால், அடுத்த தேர்தலில் பக்கத்து வார்டு. கூடவே லண்டனில் கன்சர்வேடிவ் பிரதமர்களாக இருந்த போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ் அடித்த கூத்தும் சேர்ந்துகொண்டது. அன்று நாடு முழுக்க கன்சர்வேடிவ் கட்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்சிலர்களை இழந்தது. கோபத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கதவு தேவைப்பட்டது. இங்கே லேபர் பலமில்லாத இடம். கதவைத் தட்டிக்கொண்டிருந்தது பசுமைக் கட்சிதான். தலைமைக்கு வந்திருப்பவர் ஆண்டி மெல்லன்.

நீ ரசிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வேட்பாளருக்கு டெபாசிட் கிடையாது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், இரண்டு கையெழுத்து போதும். ஜெயித்தாலும் சம்பளம் இல்லை, ஒரு சிறிய படித்தொகைதான். வாக்குச்சாவடியில் மெஷின் இல்லை, மை இல்லை. நூலில் கட்டிய பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட வேண்டும். எங்கள் வார்டுக்கு இரண்டு கவுன்சிலர்கள், ஆக ஆளுக்கு இரண்டு குறி. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆயுள் முழுக்க கன்சர்வேடிவ். இந்தத் தடவை ஒன்று பழைய கட்சிக்கு, ஒன்று பசுமைக்கு என்று போட்டதாகத் தானாகவே வந்து சொன்னார். இப்படிப் பிரித்துப் போட்டால் கட்சிவாரியாகக் கட்டுக் கட்ட முடியாதே! அதனால் சீட்டுகளை ஒரு நீளத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக, குறிகள் மட்டும் தெரிகிற மாதிரி ஒட்டி, வரிசையாகப் படித்துக் கூட்டுவார்கள். ஓலைப் பாவாடை மாதிரி தொங்கும் அந்தத் தாளுக்கு எண்ணுகிறவர்கள் வைத்திருக்கும் பெயரும் அதுதான். உனக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்திருந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டாய்.

சாவடி வாசலில் கட்சிக்காரர்கள் சட்டையில் ரோஜாப்பூ மாதிரி ரிப்பன் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுப் போட்டவரின் பட்டியல் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. சாயங்காலம் வராதவர்களின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவதற்குத்தான் அந்தக் கணக்கு. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் ஒரே பிளாஸ்க்கில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மே 6 மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழா என்பதால் தெருவெல்லாம் முக்கோணக் கொடித் தோரணம். நடுவே தேர்தல் அட்டைகளைத் தேட வேண்டியிருந்தது.

இந்தியப் பாஸ்போர்ட்காரன் நான் எப்படி ஓட்டுப் போட்டேன் என்று கேட்பாய். இங்கே முறைப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தால் வேட்பாளராகவும் நிற்கலாம். பழைய சாம்ராஜ்யத்தின் மிச்சம், இந்த ஒன்றாவது உபயோகப்படுகிறது. ஜெர்மனிக்காரர் எத்தனை வருஷம் இருந்தாலும் அவரால் பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது.

எனக்கு எரிச்சல் மூட்டியது ஒன்றுதான். இங்கிலாந்து முழுவதும் போட்டோ அடையாளம் கேட்டது இதுதான் முதல் தடவை. அதில் தப்பே இல்லை, நம் ஊரில் கேட்காமலா இருக்கிறோம்? ஆனால் இங்கே எல்லோருக்கும் ஒரு வாக்காளர் அட்டை என்ற ஏற்பாடு இல்லை. முதியவரின் பஸ் பாஸ் செல்லும், இளைஞரின் ரயில் சலுகை கார்டு செல்லாது. இது என்ன நியாயம்? இலவச அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் அது தெரிந்தவர்கள் எத்தனை பேர்? போன மாதம் தேர்தல் ஆணையம் சொன்ன கணக்குப்படி, சாவடிவரை வந்தும் ஓட்டுப் போடாமல் போனவர்கள் 14,000 பேர் அளவில். இதைக் கொண்டுவந்த ஆட்சியில் அமைச்சராக இருந்த ஜேக்கப் ரீஸ்-மாக் ஒரு கூட்டத்தில், தங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று செய்த தந்திரம் தங்கள் கட்சி முதியவர்களையே கடித்துவிட்டது என்கிற மாதிரி பேசினார். உளறினாரோ, உண்மையைச் சொன்னாரோ, நல்ல சிரிப்பு.

இனிமேல்தான் இவர்களுக்குச் சோதனை. வீடுகள் வேண்டாம் என்று சொன்ன ஓட்டும் இவர்களுக்குத்தான், வாடகை கட்ட முடியாமல் வீடு கேட்கும் இளசுகளின் ஓட்டும் இவர்களுக்குத்தான். நாரிச்சிலிருந்து டில்பரிவரை உயர்மின் கோபுரங்கள் வயல்களைக் கடந்து போகும் திட்டம் ஒன்று இருக்கிறது. காற்றாலை மின்சாரம் வேண்டும், கோபுரம் மட்டும் என் வயலில் வேண்டாம் என்கிறார்கள் ஜனங்கள். முடிவு லண்டனில் எடுப்பார்கள், கேள்வி இவர்களிடம் கேட்பார்கள். நான் நாலு வருஷம் பொறுத்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.

சரி, உன் சேதிக்கு வா. மூட்டு வலிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதைத் தள்ளிப்போடாதே. ஒரு கால் முடித்து நன்றாக நடமாடின பிறகு அடுத்தது. மார்கழியில் நாங்கள் இருவரும் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. உனக்கு என்ன வாங்கி வரட்டும் என்று எழுது. போன தடவை மாதிரி "ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிவிட்டு, வந்ததும் ஷேவிங் கிரீமைத் தேடாதே.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

உன் பழைய ஹாஸ்டல் அறைக்காரன்