கோச்சி ஏறிப் போன சபை: பாஸ்டர் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாஸ்டர் தம்பிக்கு,

ஞாயிற்றுப் பள்ளியில் உங்களுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தவள் நான், அதனால் கை "நீ" என்றுதான் எழுதப் போகிறது. அங்கி போட்டுவிட்டீர்கள், ஆகவே நீங்கள்.

போன ஞாயிறு பிரசங்கத்தில் இலங்கை மலைநாட்டில் இருக்கிற நம் தேயிலைத் தோட்டத்துச் சபை ஏன் வளரவில்லை என்று கேட்டுவிட்டு, "அநேகருடைய அன்பு தணிந்துபோம்" என்ற வசனத்தை எடுத்தீர்கள். கடைசிக் காலம், ஜெபம் குறைந்துவிட்டது, ஜனங்களுக்கு ஃபோன்தான் தெய்வம் என்று முடித்தீர்கள். கேட்க உட்கார்ந்திருந்தது 23 பேர். (எண்ணினேன், டீச்சர் புத்தி.) வராதவர்களுக்கு உரிய ஏச்சை வந்தவர்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

வராதவர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? நம் சபைப் பெண்களில் ஆறு பேர் அந்த நேரத்தில் தோட்டத்தின் மேல் டிவிஷனில் கைக்காசுக்கு, அதாவது அன்றன்றே கையில் வாங்குகிற காசுக்கு, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற நாள் சம்பளம் கடைக்கடனுக்கே சரி, பிள்ளையின் டியூஷன் காசு ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கிறது. ஆராதனையைப் பின்னேரத்துக்கு மாற்றினால் என்ன என்று நான் கமிட்டியில் கேட்டதற்கு, "ஆதியிலிருந்து காலை 9 மணிதான் டீச்சர்" என்றார்கள். ஆதி என்றால் ஏதேன் தோட்டமா? பழைய உபதேசியார் ஒருவர் எனக்குச் சொன்ன கதை இது: தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாருக்கு முதல் ஆராதனையை முடித்துவிட்டுப் பாதிரி ஐயர் குதிரையில் இங்கே வந்து சேர 9 மணி ஆகுமாம். துரையும் போய்க் குதிரையும் போய், மணி மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்த மலைநாட்டில் தமிழ்ச் சபை கட்டடத்தில் தொடங்கவில்லை, தம்பி. 1854இல், இங்கே தேயிலை வருவதற்கு முன், கோப்பிக் காலத்தில், தோட்டத் துரைமார் சிலருடைய பணத்தோடும் சிஎம்எஸ் (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிமாருடைய மேற்பார்வையோடும் தொடங்கியது. பேர் தமிழ்க் கூலி மிஷன் (பேரைப் பாருங்கள்!). திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். ஆட்கள் இருக்கிற இடத்துக்கு, அவர்களுக்கு ஓய்வு கிடைக்கிற நேரத்தில் போவதுதான் வேலையே. பிறகு கல்லால் கோயில் கட்டி, மணி தொங்கவிட்டு, அடித்தால் ஆட்கள் வருவார்கள் என்று நாம் உட்கார்ந்துவிட்டோம்.

அன்பு தணிந்ததால் ஆள் குறைந்தது என்றால், 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தை எந்த வசனத்தில் சேர்ப்பது? தோட்டங்களில் இருந்த நம் ஆட்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதி, இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டார்கள். நம் சபைப் பதிவேட்டில் எழுபதுகளின் பக்கங்களைப் பாருங்கள், பேருக்கு எதிரே இந்தியா, இந்தியா, இந்தியா என்று வரிசையாக இருக்கும். ஒப்பாரிக் கோச்சி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ரயிலில் ஏற்றிவிட ஹட்டன் ஸ்டேஷனுக்கு அம்மாவோடு நானும் போயிருக்கிறேன். பாடகர் குழுவில் பாதிப் பேர் ஒரே வருஷத்தில் போனார்கள். நீலகிரியில் கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அப்புறம் நாமும் எழுதவில்லை.

இன்றைக்கும் கோச்சி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உங்களோடு படித்த பிள்ளைகள் கொழும்பு வெள்ளவத்தையில் கடையில் நிற்கிறார்கள், கட்டுநாயக்காவில் கார்மென்ட்டில் இருக்கிறார்கள், குவைத்தில் யாரோ ஒருவர் வீட்டில் சமைக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிறு லீவு உண்டா, பக்கத்தில் சபை உண்டா என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் பதிவேட்டில் பேர் வெட்டப்படவில்லை, ஏனென்றால் வீட்டில் இருப்பவர்கள் சந்தாவைக் கட்டிவிடுகிறார்கள். குவைத்திலிருந்து வந்த ஒருத்தி இரண்டு வருஷத்துக்கு முன் முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு ஆராதனைக்கு வந்தாள், முன் பெஞ்சில் உட்காரப் போனாள். "அது இன்னார் குடும்பம் உட்காருகிற இடம்" என்று காதில் சொல்லி எழுப்பிவிட்டார்கள். சொன்னவர் கமிட்டியில் இருக்கிறார், அவர் அப்பாவும் இருந்தார். எந்தச் சாதிக்காரர் முன்னால், யார் பின்னால் என்பதை நாம் பேசவே மாட்டோம், பெஞ்சு பேசிக்கொள்ளும். அவள் மறுபடி வரவில்லை. இதற்கும் ஃபோன்தான் காரணமா?

சரி, சந்திக்கு மேலே இருக்கிற தகரக் கொட்டகைச் சபை நம் ஆடுகளைத் திருடுகிறது என்று நீங்கள் சொல்வதற்கு வருகிறேன். என் பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒருவர் வாதம் வந்து விழுந்தார். அன்றிரவே அந்தப் பாஸ்டர் மழையில் நனைந்துகொண்டு வந்தார், முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனார். நம் சபையிலிருந்து ஆள் போனது பதினொரு நாள் கழித்து, அதுவும் அறுவடைப் பண்டிகைக்கு நன்கொடைப் புத்தகத்தோடு. போனவள் நானே, அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அதற்காக அவர்கள் வளர்கிறார்கள் என்றும் நான் நம்பவில்லை. அங்கே கை தட்டுகிறவர்களில் முக்கால்வாசி முன்பு நம்மிடமும் கத்தோலிக்கரிடமும் இருந்தவர்கள். சத்தம் கூடியிருக்கிறது, தலை கூடவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுக்கக் கத்தோலிக்கர் நூற்றுக்கு 6 சொச்சம், மற்றச் சபைகள் எல்லாம் சேர்ந்து ஒன்றரைகூட இல்லை. அந்த ஒன்றரைக்குள் நீ என் ஆட்டைப் பிடித்தாய், நான் உன் ஆட்டைப் பிடித்தேன் என்று சண்டை. அதிலும் தசமபாகம் தசமபாகம் என்று கொழுந்துக் காசை உருவுவதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாதம் வந்தவரின் மனைவியிடம் போய் அதைச் சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோது நான் சின்னப் பிள்ளை. மா இல்லை, அரிசி இல்லை, ஆட்கள் லயத்தைவிட்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். அந்தக் காலத்தில் கண்டியில் பால் கஸ்பர்ஸ் என்ற இயேசு சபைக் குருவானவர், 1972இல் தொடங்கிய சத்தியோதயம் என்ற சமூக சேவை நிலையத்தை வைத்துக்கொண்டு, தோட்டத்து ஆட்களுக்காக விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நம் சபையின் அந்த வருஷத்து அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கோபுரத்துக்கு வெள்ளை அடித்த செலவு எழுதியிருக்கிறது.

வருகிற ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு நான் கோயிலைத் திறந்து வைக்கிறேன், சாவி என்னிடம்தான் இருக்கிறது. கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு வெறும் தேத்தண்ணீர் போடுவேன். உங்களால் வர முடிந்தால் அங்கி இல்லாமல் வாருங்கள். கமிட்டியில் யாராவது கேட்டால் டீச்சர் வேலை என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்