ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடந்த பையன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

மெல்போர்னில் 2025 மார்ச் 16 அன்று நடந்த பார்முலா ஒன் சீசனின் முதல் பந்தயம் பற்றிய செய்தியை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். லாண்டோ நாரிஸ் வென்றது, வெர்ஸ்டாப்பன் 0.895 விநாடியில் வெற்றியைத் தவறவிட்டது, ஃபெராரி அணிக்கு மாறிய ஹாமில்டன் பத்தாவதாக வந்தது எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், புதுமுகங்கள் சொதப்பிவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அன்று நம் நேரம் காலை ஒன்பதரைக்குப் பந்தயம். மகனின் லேப்டாப்பை டைனிங் டேபிளில் வைத்து, இட்லித் தட்டோடு உட்கார்ந்தோம். மழையில் தடம் பளபளவென்று இருந்தது. பந்தயத்துக்கு முன் எல்லாக் கார்களும் வரிசையாக ஒரு சுற்று வரும் ஃபார்மேஷன் லேப் தொடங்கி இரண்டு திருப்பம்கூடத் தாண்டியிருக்காது, ஒரு கார் சுழன்று பின்பக்கமாகப் போய்த் தடுப்பில் மோதி நின்றது. இசாக் ஹஜார். வயது 20. அவருடைய முதல் பார்முலா ஒன் பந்தயம், பந்தயம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது.

ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயரைத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அதில் போதுமான சூடு ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை ஒரு துளி அதிகம் மிதித்தாலும் பின்சக்கரம் வழுக்கிவிடும். அந்தச் சூட்டை ஏற்றுவதற்காகவும்தான் ஃபார்மேஷன் லேப்பே. சூடு ஏற்றப் போன இடத்திலேயே விழுந்துவிட்டார் பையன்.

இந்தப் பையன் யார் என்று வாசகர்களுக்குச் சொல்லியிருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன்பு, 2024 டிசம்பரில், அபுதாபியில், பார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழேயுள்ள பார்முலா 2 சீசனின் கடைசிப் பந்தயம். பட்டம் எட்டும் தூரத்தில் இருந்தது. பந்தயம் தொடங்க விளக்கு அணைந்ததும் ஹஜாரின் கார் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பட்டம் கேப்ரியல் போர்டொலெட்டோவுக்குப் போனது. அதைத் தாங்கிக்கொண்டு மெல்போர்ன் வந்தவர், சனிக்கிழமை தகுதிச்சுற்றில் 11வது இடம் பிடித்தார். இரண்டு முறை உலக சாம்பியனான அலோன்சோவுக்கு முந்தைய இடம் அது. மறுநாள் காலையில் இப்படி.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், முகத்தை யாருக்கும் காட்டாமல், தலையைக் குனிந்துகொண்டு அணிகள் தங்கும் பகுதியான பேடாக்கில் நடந்து வந்தார். தோள் குலுங்குவது நன்றாகத் தெரிந்தது. அப்போது ஒருவர் அருகே வந்து அவரைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். லூயிஸ் ஹாமில்டனின் அப்பா ஆண்டனி ஹாமில்டன். ஹஜாருக்குச் சிறுவயதிலிருந்தே நாயகன் லூயிஸ்தான். அந்த லூயிஸைச் சிறுவயதில் கார்ட்டிங் என்ற குட்டிக் கார் பந்தயம் ஓட்டவைக்க ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்தவர் ஆண்டனி. தோற்ற பையன் எப்படி நடந்து வருவான் என்பது அவருக்குத் தெரியும். யாரும் சொல்லி அவர் ஹஜாரிடம் போகவில்லை. ஹஜாரின் அணி அவர் மகனின் அணியும் அல்ல.

எனக்குச் செட்டிபாளையம் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பல வருடம் ரேஸ் பார்த்திருக்கிறேன். ஒருமுறை தூறலில் ஒரு சின்னப் பையன் பார்முலா எல்ஜிபி என்ற சிறிய பந்தயக் காரை மண்ணில் இறக்கிவிட்டான். காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அவன் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பையனின் கையுறையை வாங்கி, சேற்றைத் தன் வேட்டியிலேயே துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த ரேஸுக்கு அந்தப் பையன் போய் நின்றான்.

ஹஜார் அழுதது சங்கடமான காட்சி என்ற பொருளில் ரெட் புல் அணியின் ஆலோசகர் ஹெல்முட் மார்க்கோ தொலைக்காட்சியில் பேசினார். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்த ஒரு நாளுக்காகச் சிறுவயதிலிருந்து உழைத்தவன் வேறென்ன செய்வான்?

சரி, கணக்குக்கே வருகிறேன். பந்தயத்தை முடிக்காதவர்கள் ஆறு பேர். அவர்களில் ஹஜார், டூஹன், போர்டொலெட்டோ, லாசன் என்று நான்கு பேர் முழு சீசனை முதன்முறையாகத் தொடங்கியவர்கள், உண்மைதான். மீதி இருவர் யார்? 43 வயது அலோன்சோவும், விபத்துக்குப் பின் எல்லோரையும் மெதுவாக அழைத்துப்போகும் சேஃப்டி கார் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே சுவரில் மோதிய சைன்ஸும். அனுபவசாலிகள்! 44வது சுற்றில் மறுபடி மழை கொட்டியபோது, முதலிரண்டு இடங்களில் இருந்த மெக்லாரன் அணியின் இரண்டு கார்களும் ஒரே திருப்பத்தில் வெளியே போயின. நாரிஸ் சமாளித்து உடனே தடத்தோரப் பணியிடமான பிட்டுக்குள் வந்து டயர் மாற்றினார், ஜெயித்தார். பியாஸ்ட்ரி சொந்த ஊர் ரசிகர்கள் கண்முன்னே புல்லில் சிக்கி, காரை ரிவர்ஸ் எடுத்து வெளியே வந்து, கடைசியில் ஒன்பதாவதாக முடித்தார். வழுக்கும் தடம் வயது பார்க்கவில்லை.

அப்புறம், கிமி ஆன்டொனெல்லியும் புதுமுகம்தானே? 18 வயது. மெர்சிடிஸ் அணியில் ஹாமில்டன் விட்டுப்போன இருக்கை. 16வது இடத்தில் கிளம்பி நான்காவதாக முடித்தார். இதை உங்கள் செய்தி விட்டுவிட்டது. சீசனுக்கு முன் பஹ்ரைனில் கிடைத்த சோதனை மூன்றே நாள், அதுவும் ஓர் அணிக்கு ஒரே கார், ஓட்டுநர்கள் இரண்டு பேர். அதை வைத்துக்கொண்டு மழையில் இறங்கிய பிள்ளைகளை ஒரு வரியில் தீர்த்துவிடக் கூடாது.

கோவைக்காரனாக இன்னொன்றும் சொல்கிறேன். 20 வருடம் முன்பு, 2005 மார்ச்சில், இதே ஆல்பர்ட் பார்க் தடத்தில்தான் நம் நரேன் கார்த்திகேயன் முதல் பார்முலா ஒன் பந்தயம் ஓடினார். ஜோர்டான் காரில் 15வதாக வந்தார். அந்த 15 என்ற எண் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இன்றும் மனப்பாடம்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த பந்தயம் ஷாங்காயில், 23ஆம் தேதி, நம் நேரம் பகல் 12.30க்கு. முதல் மூன்று பேரோடு நிறுத்தாமல், 20 பேரின் முடிவையும் தயவுசெய்து அச்சிடுங்கள். இரண்டு அங்குல இடம் போதும். ஹஜார் எத்தனையாவதாக வந்தார் என்று திங்கட்கிழமை காலை உங்கள் பக்கத்தில் தேடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்